மரச்சீனித் தேமல் வைரஸின் வட்ட டி.என்.ஏவைப் பெருக்க: பி.சி.ஆரா, ஃபை29-ஆ, பிளாஸ்மிட்டா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கமோ குலசேகரம் பக்கமோ ஒரு மரச்சீனி (மரவள்ளி) விளையில் இறங்கினால், மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகச் சுருண்ட இலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பயோடெக்னாலஜி படிக்கிற பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் என்றதும் தேமல் நோய் ஞாபகம் வருவதற்கு அதுவே காரணம். இலை சும்மா கிடைக்கும், டி.என்.ஏ பிரிக்கவும் பெரிய கருவி வேண்டாம். அதற்கப்புறம்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். இலையில் இருக்கிற கொஞ்சூண்டு வைரஸ் டி.என்.ஏவை வேலைக்குப் போதுமான அளவு பெருக்க வேண்டும். கைடு பி.சி.ஆர் (சூடாக்கி ஆறவைத்து ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப இரட்டிப்பது) என்கிறார், சீனியர் "க்ளோன் பண்ணிடு", அதாவது பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் ஒட்டிப் பாக்டீரியாவில் வளர்த்துவிடு என்கிறார், ரசாயனம் விற்க வருபவர் ஃபை29 என்ற என்சைமைக் கொண்ட ரோலிங் சர்க்கிள் கிட் ஒன்றைக் காட்டிவிட்டுப் போகிறார். எதை எடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலையிலிருந்து டி.என்.ஏவை எப்படி எடுத்துப் பெருக்குவது என்பது ஒரு கேள்வி. பெருக்கியதை எங்கே, எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை தேடுவதால்தான் மாதங்கள் வீணாகின்றன. ஒவ்வொரு வழிமுறையும் கடைசியில் கையில் தருவது வேறு வேறு பொருள். ஏன் அப்படி என்பதற்கு வளையம் படியெடுக்கப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, அந்த டி.என்.ஏவை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கவா, முழு மரபணுத் தொகுதியையும் சீக்வென்ஸ் செய்யவா, அதில் ஒரு எழுத்தை மாற்றிப் பார்க்கவா, திரும்பச் செடிக்குள் செலுத்தி நோய் வருகிறதா என்று சோதிக்கவா? இதற்குப் பதில் தெரியாமல் முறையைத் தேர்வு செய்யவே முடியாது, ஆனால் பாதிப்பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

அடுத்து, வரிசை முன்கூட்டியே தெரியுமா, இல்லை இலையில் என்ன இருக்கிறதென்றே தெரியாதா? எவ்வளவு பிழை தாங்கும்? முடிவில் வேண்டியது வளையமா, நேர்த்துண்டா? கடைசியாக, யாரும் ப்ராஜெக்ட் முன்மொழிவில் எழுதாத விஷயங்கள்: மைனஸ் 80 ஃப்ரீசர் இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்குமா, ஐஸில் வர வேண்டிய என்சைம் வழியிலேயே உருகாமல் வந்து சேருமா, ஒரு ட்யூப் என்சைமை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்வீர்கள்.

## வளையம் தன்னைப் படியெடுக்கும் விதங்கள்

ஈ.கோலி பாக்டீரியாவின் மரபுத்தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்து இணைகள் கொண்ட ஒரே வளையம். படியெடுப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கி இரண்டு கவைகளாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் ஓடி மறுபக்கத்தில் சந்திக்கிறது. வினாடிக்குக் கிட்டத்தட்ட 1,000 எழுத்து வேகம், முடிய 40 நிமிடம் போல ஆகும். ஜான் கெய்ர்ன்ஸ் 1963-இல் கதிரியக்கத் தைமிடினைக் கொண்டு இதைப் படமாகவே பிடித்தார். பாதி வேலையில் அது கிரேக்கத் தீட்டா எழுத்து மாதிரித் தெரியும் என்பதால் தீட்டா முறை என்று பெயர். முடிவில் இரண்டு வளையங்களும் சங்கிலிக் கண்ணிகளாகப் பின்னிக் கிடக்கும். டோபோஐசோமரேஸ் 4 என்ற என்சைம் ஒன்றை வெட்டி, மற்றதை ஊடே விட்டு, திரும்ப ஒட்டினால்தான் அவை பிரியும். வளையமாக இருப்பதற்குச் செல் கொடுக்கிற விலை இது.

இன்னொரு விதம் ரோலிங் சர்க்கிள், வால்டர் கில்பர்ட்டும் டேவிட் டிரெஸ்லரும் 1968-இல் முன்வைத்த மாதிரி. இதில் இரண்டு இழைகளில் ஒன்று ஒரு இடத்தில் வெட்டப்படுகிறது. வெட்டுப்பட்ட முனையிலிருந்து புதிய இழை வளையத்தைச் சுற்றிச் சுற்றி நீள, பழைய இழை உரிந்து வெளியே வருகிறது. ராட்டு சுழலச் சுழலக் கயிறு நீண்டுகொண்டே போவது போல.

மரச்சீனித் தேமல் வைரஸ் இந்த இரண்டாவது வகை. நம் நாட்டில் இதற்குக் காரணமான இந்திய மரச்சீனித் தேமல் வைரஸ், இலங்கை மரச்சீனித் தேமல் வைரஸ் இரண்டுமே பெகோமோ வைரஸ்கள். டி.என்.ஏ-ஏ, டி.என்.ஏ-பி என்று இரண்டு ஒற்றை இழை வளையங்கள், ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்துக்குச் சற்று மேலே. வெள்ளை ஈ மூலமும், நோயுள்ள கம்பை வெட்டி நடுவதன் மூலமும் பரவும். இலைச் செல்லின் உட்கருவுக்குள் போனதும், செல்லின் சொந்த என்சைமே துணை இழையைக் கட்டி இரட்டை இழை வளையமாக்கித் தருகிறது. வைரஸிடம் பாலிமரேஸ் (டி.என்.ஏ இழையைக் கட்டும் என்சைம்) கிடையாது, எல்லாம் ஓசிதான். அதனிடம் இருப்பது ரெப் என்ற புரதம். அது ஒரு கொண்டை ஊசி வளைவில் உள்ள ஒன்பது எழுத்து வரிசையில் இழையை வெட்டி, வெட்டிய முனையில் தன்னையே பிணைத்துக்கொண்டு, ஒரு சுற்று முடிந்ததும் முனைகளைச் சேர்த்துத் தனி வளையத்தை விடுவிக்கிறது. இந்த ரெப் பற்றிய செய்தியை மனதில் வையுங்கள், ஃபை29 பகுதியில் தேவைப்படும்.

## பி.சி.ஆர்

எல்லாக் கல்லூரியிலும் தெர்மல் சைக்ளர் (பி.சி.ஆர் கருவி) வந்துவிட்டதால் முதலில் கை போவது இங்கேதான். நோய் இருக்கிறதா என்று பார்க்க இதை மிஞ்சிய வழி இல்லை. கவசப் புரத மரபணுவிலிருந்து ஒரு துண்டைப் பெருக்கும் பிரைமர் ஜோடி (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டித் துண்டுகள்), மூன்று மணி நேரம், டி.என்.ஏவை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஒரு ஜெல். முடிந்தது.

முழு வளையமும் வேண்டும் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி இரண்டு பிரைமர்களை எதிரெதிர்த் திசையில் வைத்து, சுற்றி வந்து முழு நீளத்தையும் நேர்த்துண்டாக எடுக்கலாம். வளையமாக இருப்பதால்தான் இந்தத் தந்திரம் பலிக்கிறது. ஆனால் பிரைமர் வைக்க வரிசை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் விளையில் இருக்கும் வகை அந்த இடத்தில் கொஞ்சம் மாறியிருந்தால் பட்டை வராது, நோய் இல்லை என்று எழுதிவிடுவீர்கள். அதைவிட மோசம், பிரைமர் உட்காரும் இடத்தின் உண்மையான வரிசை உங்களுக்குத் தெரியவே வராது, ஏனென்றால் அங்கே நீங்கள் படிப்பது உங்கள் பிரைமரைத்தான்.

பிழைக் கணக்கையும் பார்ப்போம். சாதாரண டேக் பாலிமரேஸ் ஒரு இரட்டிப்பில் லட்சம் எழுத்துக்கு 2 பிழை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 2,750 எழுத்து, 25 இரட்டிப்பு. பெருக்கிப் பார்த்தால் ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக 1.4 பிழை. பி.சி.ஆர் துண்டை அப்படியே சீக்வென்ஸ் செய்தால் இது தெரியாது, லட்சக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியில் பிழை அமுங்கிவிடும். அதே துண்டை க்ளோன் செய்தால் நீங்கள் எடுப்பது ஒரே ஒரு மூலக்கூறு. அதிலிருக்கும் பிழை இனி எல்லாப் பிரதியிலும் வரும், அதை வைரஸின் புதிய வகை என்று எழுதினாலும் எழுதிவிடுவீர்கள். பிழை திருத்தும் பாலிமரேஸ் வாங்கினால் இது வெகுவாகக் குறையும், விலை அதற்கேற்ப ஏறும்.

இரண்டு வைரஸும் ஒரே செடியில் கலந்திருந்தால் இன்னொரு வம்பு. பாதியில் நின்ற ஒரு துண்டு அடுத்த சுற்றில் மற்ற வைரஸின் மேல் உட்கார்ந்து நீண்டு, இயற்கையில் இல்லாத கலப்பினம் ஒன்றை உண்டாக்கும். பெகோமோ வைரஸ்கள் உண்மையிலேயே தமக்குள் கலப்பவை என்பதால் எது நிஜம், எது ட்யூபில் பிறந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

## ஃபை29, ரோலிங் சர்க்கிள்

என் முதல் தேர்வு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஃபை29 என்பது பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ். அதன் டி.என்.ஏ பாலிமரேஸை மாட்ரிட்டில் மார்கரிட்டா சாலாஸும் லூயிஸ் பிளாங்கோவும் ஆராய்ந்து உலகுக்குத் தந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் ஃபை29-இன் சொந்த டி.என்.ஏ வளையமே அல்ல, நேர்த்துண்டு. ஆனால் வளையம் படியெடுக்க இதைவிடத் தோதான என்சைம் கிடையாது. டி.என்.ஏவைப் பிடித்தால் 70 ஆயிரம் எழுத்துக்கு மேல் விடாமல் ஓடும். எதிரில் இருக்கிற இழையைத் தானே உரித்துத் தள்ளும். தப்பாகச் சேர்த்த எழுத்தைத் திரும்ப வெட்டித் திருத்தும், அதனால் பிழை 10 லட்சம் எழுத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு.

செய்முறையும் எளிது. இலை டி.என்.ஏவை ஆறெழுத்துச் சீரற்ற பிரைமர்களோடு 95 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கி ஆறவைத்து, என்சைம் கலவை சேர்த்து, 30 டிகிரியில் 18 மணி நேரம் விட்டு, 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து நிறுத்த வேண்டும். தெர்மல் சைக்ளரே வேண்டாம். 30 டிகிரி நம்ம ஊரில் ஏசி இல்லாத அறையின் வெப்பநிலை என்று ஜோக் அடிக்கலாம், ஆனாலும் வாட்டர் பாத் வைத்துவிடுங்கள், ஐப்பசி மழையில் ராத்திரி வெப்பம் இறங்கிவிடும். பிரைமரின் கடைசிப் பிணைப்புகளில் கந்தகம் சேர்த்தது வேண்டும் என்பதை மறக்காதீர்கள், சாதாரணமானதை ஃபை29-இன் திருத்தும் பல் கடித்துத் தின்றுவிடும்.

வரிசை எதுவும் தெரியாமலேயே இது ஏன் வைரஸைத் தேர்ந்தெடுக்கிறது? பிரைமர் எல்லா டி.என்.ஏவிலும்தான் உட்காருகிறது. ஆனால் நேர்த்துண்டில் என்சைம் முனைக்கு வந்ததும் விழுந்துவிடும், வளையத்தில் முனையே கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். பசுங்கணிகத்தின் டி.என்.ஏவும் வளையம்தானே என்று கேட்கலாம். மரச்சீனியின் பசுங்கணிக மரபுத்தொகுதி சுமார் 1 லட்சத்து 61 ஆயிரம் எழுத்து. இலையை அரைத்துப் பிரிக்கும்போது அவ்வளவு பெரிய வளையம் முழுசாகத் தப்புவது அபூர்வம். 2,700 எழுத்துக்காரன் தப்பிவிடுவான், ஒரு சுற்றும் சீக்கிரம் முடியும். சின்ன வளையம்தான் இங்கே ராஜா.

இப்போது அந்த ரெப் செய்தி. இலையின் உட்கருவில் நடப்பதும் ட்யூபில் நடப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை, ஆனால் ட்யூபில் ரெப் இல்லை. சுற்று முடிந்ததும் வெட்டி வளையமாக்க ஆள் கிடையாது. அதனால் உங்களுக்குக் கிடைப்பது வளையமே அல்ல. வைரஸ் மரபுத்தொகுதி ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடவை வரிசையாகக் கோத்த நீண்ட, கிளை விட்ட டி.என்.ஏ. ஜெல்லில் ஏற்றினால் கிணற்றிலேயே தங்கும். மரபுத்தொகுதியை ஒரே இடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் ஒன்றைக் கண்டுபிடித்து வெட்டினால்தான் 2,700 அளவில் ஒரு பட்டை தெளியும். எது ஒரே இடத்தில் வெட்டும் என்று தெரியாவிட்டால் கையில் உள்ள ஐந்தாறு என்சைமைத் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஒளிந்திருக்கும் செலவுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, வைரஸ் இல்லாத ட்யூபிலும் ஏதாவது பெருகும். சீரற்ற பிரைமருக்குச் சாதி பேதம் இல்லை, நீரில் உள்ள தூசி டி.என்.ஏவையும் பெருக்கும். ஆகவே "பெருகியிருக்கிறது" என்பது நோய்க்குச் சான்று ஆகாது, வெட்டியபின் வரும் பட்டைதான் சான்று. வெறும் தண்ணீர் கட்டுப்பாட்டு ட்யூப் இல்லாமல் யாராவது முடிவு காட்டினால் நம்பாதீர்கள். இரண்டு, டி.என்.ஏவை அளக்கும் நானோட்ராப் கருவி பொய் சொல்லும். மிச்சமிருக்கும் பிரைமரையும் நியூக்ளியோடைடையும் சேர்த்துத்தான் அது டி.என்.ஏ என்று காட்டுகிறது. மூன்று, டி.என்.ஏ-ஏவும் டி.என்.ஏ-பியும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே பட்டையில் இரண்டும் படுத்திருக்கும். நான்கு, இலையின் தரம். மரச்சீனி இலையில் பிசினும் பாலிஃபீனாலும் ஏராளம், சி.டி.ஏ.பி (ஒரு சோப்புப் பொருள்) முறையில் கவனமாகச் சுத்தம் செய்யாவிட்டால் எந்த என்சைமும் வேலை செய்யாது. முற்றிய இலையை விட்டு, தேமல் தெரிகிற இளம் இலையை எடுங்கள். ஐந்து, என்சைம் மைனஸ் 20-இல் இருக்க வேண்டும். கிட்டாக வாங்குவதைவிட என்சைம், பிரைமர், நியூக்ளியோடைடு மூன்றையும் தனித்தனியே வாங்கி இரண்டு மூன்று லேப் பங்கிட்டால் செலவு இறங்கும், ஆனால் பங்கிடுவது ஐஸோடு நடக்க வேண்டும்.

வேண்டியது வளையமாக, நிலையாக, பாக்டீரியாவில் இருக்க வேண்டும் என்றால் இது மட்டும் போதாது. வெட்டிய துண்டை எங்காவது வைத்தாக வேண்டும்.

## அதிகப் பிரதிப் பிளாஸ்மிட்

அதாவது பி.யு.சி.19 வகை. வைரஸ் துண்டை அதில் ஒட்டி ஈ.கோலிக்குள் விட்டு, பாக்டீரியாவே படியெடுக்கட்டும் என்று விடுவது. செல்லின் படியெடுப்புப் பிழை ஒரு தலைமுறைக்கு 100 கோடி எழுத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. நாம் ட்யூபில் செய்கிற எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

பி.யு.சி ஏன் ஒரு செல்லில் 500, 700 என்று பெருகுகிறது என்பது அழகான கதை. இதன் தொடக்க இடம் கோல்-ஈ1 என்ற பிளாஸ்மிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு ஆர்.என்.ஏ உருவாகி, வெட்டப்பட்டு, பிரைமராக மாறினால் படியெடுப்பு தொடங்கும். எதிர்த்திசையில் இன்னொரு சிறிய ஆர்.என்.ஏ உருவாகி, முதலாவதைப் பிடித்து முடக்கும். ரோப் என்ற குட்டிப் புரதம் அந்தப் பிடியை இறுக்கும். பிளாஸ்மிட் அதிகமானால் தடுக்கும் ஆர்.என்.ஏவும் அதிகமாகும், எண்ணிக்கை தானாகக் கட்டுக்குள் நிற்கும். 1977-இல் வந்த பி.பி.ஆர்.322 என்ற பிளாஸ்மிட்டில் இந்த ஏற்பாடு முழுசாக இருந்ததால் செல்லுக்கு 15 முதல் 20 பிரதிதான். பி.யு.சியில் ரோப் இல்லை, பிரைமர் ஆர்.என்.ஏவில் ஒரு எழுத்தும் மாறியிருக்கிறது. பிரேக் கழன்றுவிட்டது.

அந்த ஒரு எழுத்து மாற்றத்தின் விளைவு வெப்பத்தைப் பொறுத்தது, 37 டிகிரியில் வேலை செய்கிறது, 30-இல் பிரதி எண்ணிக்கை சரிகிறது. இன்குபேட்டர் ஷேக்கர் பழுதென்று ஃப்ளாஸ்கை மேசையில் வைத்து வளர்த்துவிட்டு "கிட் சரியில்லை" என்று திட்டுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

இதில் நம் வைரஸுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. பி.யு.சி.19-இன் நீளம் 2,686 எழுத்து. வைரஸ் வளையமும் 2,700 சொச்சம். க்ளோன் செய்துவிட்டு, ஒட்டிய இடத்திலேயே வெட்டிச் சரிபார்த்தால் பிளாஸ்மிட்டும் துண்டும் ஒரே பட்டையாக விழும். க்ளோன் ஆனதா, வெறும் பிளாஸ்மிட்டா என்று பட்டையின் இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிளாஸ்மிட்டை ஒரே இடத்தில் வெட்டி வைரஸைத் தொடாத என்சைமைப் போட்டு 5,400 அளவில் வருகிறதா என்று பாருங்கள், இல்லை வைரஸுக்குள் வெட்டும் என்சைமை எடுங்கள்.

செலவுகள்: ஒட்டுவது, பாக்டீரியாவுக்குள் செலுத்துவது, நீலம் வெள்ளைக் காலனி பார்ப்பது (துண்டு ஒட்டியது வெள்ளையாக முளைக்கும்), மினிப்ரெப் (பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரிப்பது), எல்லாம் சரியாகப் போனாலே ஒரு வாரத்துக்கு மேல். செலுத்துவதற்குத் தயார்ப்படுத்திய செல்களை வைக்க மைனஸ் 80 வேண்டும், இல்லையென்றால் கால்சியம் குளோரைடு முறையில் அன்றன்றைக்குச் செய்துகொள்ள வேண்டும். பிளாஸ்மிட் உள்ள செல் மட்டும் பிழைக்கட்டும் என்று தட்டில் ஆம்பிசிலின் சேர்ப்போம்; அதை எதிர்க்கும் என்சைம் வெளியே கசிந்து தட்டில் உள்ள மருந்தையே அழித்துவிடும். பெரிய காலனியைச் சுற்றிப் பொடிக் காலனிகள் முளைத்தால் அவற்றைத் தொடாதீர்கள், அவற்றில் பிளாஸ்மிட் இருக்காது. வகைத் தேர்வும் முக்கியம். ரெக்-ஏ (ஒரே வரிசை உள்ள டி.என்.ஏக்களை இணைக்கும் புரதம்) வேலை செய்கிற பாக்டீரியாவில் பிளாஸ்மிட்கள் ஒன்றோடொன்று இணைந்து இரட்டை, நான்மடி வளையங்களாகிவிடும். பி.யு.சிக்குச் செல் பிரியும்போது பிரதிகளைப் பங்கிடும் ஏற்பாடு கிடையாது, எண்ணிக்கையை நம்பியே பிழைக்கிறது. வளையங்கள் ஒட்டிக்கொண்டால் தனித்தனி ஆட்கள் குறைந்து, பிளாஸ்மிட் இல்லாத செல்கள் பிறக்கும். டி.எச்.5 ஆல்ஃபா மாதிரி ரெக்-ஏ இல்லாத வகையைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஒருமுறை வெற்றி பெற்றால் அது உங்கள் சொத்து. கிளிசரால் ஸ்டாக் போட்டு வைக்கலாம், பிளாஸ்மிட்டை ஃபில்டர் தாளில் சொட்டி உலர்த்தித் தபாலில்கூட அனுப்பலாம், பத்து வருடம் கழித்தும் எடுத்து வளர்க்கலாம்.

## குறைந்த பிரதிப் பிளாஸ்மிட்

எண்ணிக்கை குறைவானதை யார் விரும்பி எடுப்பார்கள்? செடிக்குள் செலுத்தி நோய் உண்டாக்கிப் பார்க்க நினைப்பவர்கள். ஒற்றை மரபுத்தொகுதியைப் பிளாஸ்மிட்டில் ஒட்டிச் செலுத்தினால் அது வெளியே வராது. இரண்டு மரபுத்தொகுதிகளை, அல்லது ஒன்றரையாவது, அடுத்தடுத்து ஒட்ட வேண்டும். அப்போது தொடக்க இடம் இரண்டு இருக்கும், ரெப் இரண்டிலும் வெட்டி நடுவே உள்ள ஒரு முழு வளையத்தை விடுவிக்கும். ஃபை29 தரும் கோவையைப் பாதியளவு வெட்டினால் இந்த இரட்டைத் துண்டு நேராகவே கிடைக்கும், ஒவ்வொன்றாக ஒட்டும் வேலை மிச்சம்.

அடுத்தடுத்து ஒரே வரிசை இருமுறை இருந்தால் பாக்டீரியாவுக்கு அதில் ஒன்றைக் கழற்றி எறியத் தோன்றும். ஒரு செல்லில் 600 பிரதி இருந்தால் வாய்ப்பும் அதிகம், சுமையும் அதிகம். 15 பிரதி இருந்தால் நிலைத்து நிற்கும். செடிக்குள் டி.என்.ஏவைச் செலுத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டுபோகும் பைனரி பிளாஸ்மிட்களில் பலவும் குறைந்த பிரதிக்காரர்கள்தான்.

இதற்கு விலை விளைச்சல். மினிப்ரெப் எடுத்தால் ஜெல்லில் மங்கலாகத் தெரியும், ஒரு ட்யூப் வளர்ப்புக்குப் பதில் ஃப்ளாஸ்க் வளர்க்க வேண்டும். பி.பி.ஆர்.322 வகையாக இருந்தால் பழைய தந்திரம் ஒன்று உண்டு. வளர்ந்த பாக்டீரியாவுக்குக் குளோராம்ஃபெனிகால் கொடுத்தால் புதிய புரதம் உருவாவது நிற்கும், பாக்டீரியாவின் பெரிய வளையம் புதிதாகப் படியெடுக்கத் தொடங்க முடியாது, கோல்-ஈ1 பிளாஸ்மிட்டுக்குப் புதிய புரதம் எதுவும் தேவையில்லாததால் அது மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகிக்கொண்டே போகும். பி.எஸ்.சி.101 என்ற இன்னொரு குறைந்த பிரதிப் பிளாஸ்மிட் வகைக்கு இது பலிக்காது, அதற்குத் தன் சொந்தத் தொடக்கப் புரதம் வேண்டும். உங்கள் பிளாஸ்மிட்டில் குளோராம்ஃபெனிகால் எதிர்ப்பு மரபணு இருந்தாலும் பலிக்காது, சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, நோய் உண்டாக்கும் க்ளோன் செய்வதென்றால் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வெள்ளை ஈ நுழையாத வலைக்கூண்டும் வேண்டும். பக்கத்திலேயே மரச்சீனி விளை இருக்கிற மாவட்டத்தில் இதில் விளையாட்டு கூடாது. இரண்டும் இல்லாத கல்லூரி இந்தப் பகுதியைத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தோடு சேர்ந்து செய்யலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பி.சி.ஆர் | ஃபை29 | அதிகப் பிரதி | குறைந்த பிரதி |
|---|---|---|---|---|
| வரிசை தெரிய வேண்டுமா | ஆம் | வேண்டாம் | வெட்டும் இடமாவது தெரிய வேண்டும் | அதேதான் |
| கிடைப்பது | நேர்த்துண்டு | கிளைவிட்ட நீண்ட கோவை | வளையம் | வளையம் |
| பிழை | அதிகம், என்சைமைப் பொறுத்தது | மிகக் குறைவு | ஏறக்குறைய இல்லை | ஏறக்குறைய இல்லை |
| நேரம் | அரை நாள் | ஒன்றரை நாள் | ஒரு வாரத்துக்கு மேல் | இன்னும் அதிகம் |
| எங்கே கவிழும் | பிரைமர் பொருந்தாதபோது | கட்டுப்பாட்டு ட்யூப் இல்லாதபோது | துண்டும் பிளாஸ்மிட்டும் ஒரே அளவாகும்போது | விளைச்சலில் |

## யாருக்கு எது

பத்துப் பதினைந்து ஊர்களில் இலை சேகரித்து எங்கெங்கே தேமல் இருக்கிறது என்று வரைபடம் போட நினைத்தால் பி.சி.ஆர் போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஃபை29 போடுவது பணத்தைக் கடலில் கொட்டுவது. அந்த வரைபடத்தில் விநோதமாகத் தெரிகிற இரண்டு மூன்று மாதிரிகளுக்கு மட்டும், குறிப்பாக அறிகுறி இருந்தும் பட்டை வராதவற்றுக்கு, ஃபை29-க்குப் போங்கள். புதிய வகை ஒளிந்திருந்தால் அங்கேதான் இருக்கும்.

முழு வரிசை வேண்டும், ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் நேராக ஃபை29. வெட்டி வரும் துண்டை பி.யு.சியில் ஒட்டி, இரண்டு மூன்று க்ளோன்களைச் சீக்வென்ஸுக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு க்ளோனை நம்பி கட்டுரை எழுதாதீர்கள். பி.சி.ஆரில் வந்த துண்டை க்ளோன் செய்வது, வேறு வழியே இல்லாதபோதுதான்.

ஒரு மரபணுவில் எழுத்தை மாற்றிப் பார்க்கும் வேலை என்றால் அதிகப் பிரதிப் பிளாஸ்மிட் இல்லாமல் நகரவே முடியாது. எழுத்தை மாற்றும் பிரபலமான முறையில், பழைய வார்ப்பை (படியெடுக்கக் கொடுத்த மூல டி.என்.ஏவை) அழிக்க டி.பி.என்-1 என்ற என்சைமைப் பயன்படுத்துகிறார்கள். அது பாக்டீரியா மெத்தில் குறி வைத்த டி.என்.ஏவை மட்டும் வெட்டும். ஃபை29-இல் பெருக்கிய டி.என்.ஏவில் அந்தக் குறி இருக்காது, அதை வார்ப்பாகக் கொடுத்தால் பழையதும் புதியதும் சேர்ந்தே மிஞ்சும்.

வாழை எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை, மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பக்கமும் ஆர்வம் திரும்பியிருக்கும். வாழை முடிக்கொத்து நோய் வைரஸும் ஒற்றை இழை வளையம்தான், ரோலிங் சர்க்கிள்தான், ஆனால் ஆறு தனித்தனி வளையங்கள், ஒவ்வொன்றும் சுமார் 1,000 எழுத்து. ஃபை29-க்கு இவ்வளவு சின்ன வளையம் பிடித்தமானது. ஆறுக்கும் பொதுவான பகுதி உண்டு என்பதால் அங்கே உட்காரும் பிரைமர்களைச் சீரற்றவற்றோடு சேர்த்தால் இன்னும் தெளிவாக வரும். பி.யு.சியில் ஒட்டினால் 1,000-மும் 2,686-மும் ஜெல்லில் தூரம் தூரமாக நிற்கும், அந்தத் தலைவலி மரச்சீனிக்காரர்களுக்கு மட்டும்தான்.